திரும்பிப் போகாத ஆசிரியை: உடுவில் எலிசா அக்னியூ

பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் வீதியில் இருக்கிறது லுணுகலை. அதே வீதி மகாஓயாவைத் தாண்டி, செங்கலடியில் மட்டக்களப்பு வீதியோடு சேர்கிறது. ஊவாவின் தோட்டங்களுக்கும் கிழக்கின் சமவெளிக்கும் இடையிலான இந்தப் பாதையில் எத்தனையோ ஆசிரியர்கள் ஏறி வந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள், மட்டக்களப்பிலிருந்து வந்தவர்கள், பிற்காலத்தில் கடல் கடந்து சில வாரங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த வெளிநாட்டு இளைஞர்கள் எனப் பலர். வந்தவர்களில் சிலர் வாழ்நாளையே கொடுத்தார்கள். வேறு சிலர் இடமாற்றக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டே வந்தார்கள்.

வெளியிலிருந்து வந்து கற்பிக்கும் ஒருவர் போன பிறகு அந்த மண்ணில் என்ன மிஞ்சுகிறது? தோட்டப் பாடசாலைகளின் கதை தெரிந்த எவருக்கும் இந்தக் கேள்வி வரும். வன்னியிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் சம்பளமில்லாமல் கற்பித்த தொண்டர் ஆசிரியர்களைப் பார்த்தவர்களுக்கும் இது புதிய கேள்வி அல்ல. இதற்குப் பதில் தேடும்போது நம் நாட்டில் நடந்த ஒரு பழைய வாழ்க்கைக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. 1840ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் வந்திறங்கி, 1883இல் மானிப்பாயில் கண்மூடும் வரை ஒருமுறைகூடத் தாயகம் திரும்பாத அமெரிக்கப் பெண் எலிசா அக்னியூவின் வாழ்க்கை அது.

பூகோள பாடத்தில் தொடங்கிய பயணம்

எலிசா அக்னியூ 1807ஆம் ஆண்டு நியூயோர்க் நகரில் பிறந்தார். அவருக்கு எட்டு வயதிருக்கும்போது நடந்த ஒரு பூகோள பாடம் அவரது வாழ்க்கையைத் தீர்மானித்ததாக அவரைப் பற்றி எழுதியவர்கள் கூறுகிறார்கள். உலகப் படத்தில் இந்து சமுத்திரத்திலுள்ள மொரிசியஸ் தீவை ஆசிரியை சுட்டிக்காட்டி, ஹரியட் நியூவெல் என்ற இளம் அமெரிக்கப் பெண் அங்கே இறந்துபோன கதையைச் சொன்னார். ஹரியட் நியூவெல் கிறிஸ்தவ ஊழியத்துக்காகக் கணவருடன் ஆசியாவுக்குப் புறப்பட்டவர். 1812இல், 19 வயதில், வழியிலேயே காலமானவர். அவர் விட்ட பணியைத் தான் வளர்ந்து தொடரவேண்டும் என்று அந்தச் சிறுமி அன்று முடிவெடுத்தாள்.

அந்தக் கதைக்கு யாழ்ப்பாணத்தோடும் தொடர்பு உண்டு. மனைவியை இழந்த சாமுவேல் நியூவெல் பின்னர் இலங்கைக்கு வந்து தங்கினார். யாழ்ப்பாணம் பணிக்கு உகந்த இடம் என்று அமெரிக்காவுக்கு எழுதியவர்களில் அவர் முக்கியமானவர். 1816இல் அமெரிக்க மிஷனரிமார் இங்கு வந்து தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலையங்களை அமைத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

சிறுமியின் முடிவு நிறைவேற ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆனது. எலிசாவின் பெற்றோருக்கு அவருடைய துணை தேவைப்பட்டது. அவர்கள் உயிரோடு இருந்தவரை அவர் புறப்படவில்லை. அவர்கள் மறைந்த பிறகு, 32ஆவது வயதில், 1839 ஜூலை இறுதியில் பொஸ்டனிலிருந்து கப்பலேறினார். கப்பலில் இன்னும் சில மிஷனரிமாரும் ஆசிரியைகளும் இருந்தார்கள். சுமார் அரை ஆண்டுப் பயணத்தின் பின், 1840 ஜனவரியில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். அதுவரை அமெரிக்காவிலிருந்து வந்த பெண்களில் பெரும்பாலானோர் மிஷனரிமாரின் மனைவியராகவே வந்திருந்தார்கள். திருமணமாகாத ஒரு பெண் கற்பிப்பதற்கென்றே தனித்து வருவது அக்காலத்தில் மிக அரிது.

உடுவிலில்

அவர் அனுப்பப்பட்ட இடம் உடுவில். அங்கே 1824இல் ஹரியட் வின்ஸ்லோ என்ற மிஷனரிப் பெண் தொடக்கிய பெண்கள் விடுதிப் பாடசாலை இருந்தது. இன்றைய உடுவில் மகளிர் கல்லூரியின் தொடக்கம் அதுதான். ஹரியட் வின்ஸ்லோ 1833இல் காலமானார். அவருக்குப் பின் லீவை ஸ்போல்டிங், மேரி ஸ்போல்டிங் தம்பதியர் உடுவில் நிலையத்தைப் பராமரித்து வந்தார்கள்.

அன்றைய யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பச் சம்மதிக்கவைப்பதே பெரும்பாடு. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணை யார் கட்டுவார் என்ற பயம் ஒருபக்கம். அந்நியர் வீட்டில் உண்டு உறங்கினால் சாதி கெட்டுவிடும் என்ற பயம் மறுபக்கம். விடுதி தொடங்கிய விதம் பற்றி ஒரு கதை வழங்குகிறது. தையல் பழக வந்த இரண்டு சிறுமிகள் பலத்த மழையில் வீடு திரும்ப முடியாமல் மிஷன் வீட்டிலேயே உண்டு, அன்றிரவு அங்கேயே தங்கினார்களாம். உண்டது உண்டதுதான் என்றாகிவிட, பெற்றோர் அவர்களை அங்கேயே படிக்க விட்டார்களாம். கதையின் விவரங்கள் எப்படியிருந்தாலும், ஒரு பெண்பிள்ளையின் படிப்புக்கு எத்தகைய தடைகள் இருந்தன என்பதை அது காட்டுகிறது.

ஆகவே ஆரம்ப காலத்தில் மிஷன் உணவும் உடையும் கொடுத்தே பிள்ளைகளைச் சேர்த்தது. படிப்பை முடித்துத் திருமணம் செய்யும் பெண்ணுக்குச் சிறு தொகையைச் சீதனமாகக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. சீதனம் இல்லாமல் பெண்ணின் எதிர்காலத்தைப் பேச முடியாத சமூகத்துக்குள் நுழைந்தவர்கள், அந்தச் சமூகத்தின் கணக்கையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

எலிசா அக்னியூ இந்தப் பாடசாலையின் பொறுப்பை ஏற்று, 1879 வரை ஏறத்தாழ 40 ஆண்டுகள் நடத்தினார். தமிழ் கற்றார். வாசிப்பு, எழுத்து, கணக்கு, பூகோளம், வேதாகமம், தையல் ஆகியன அங்கு கற்பிக்கப்பட்டன. விடுதிப் பாடசாலை என்பதால் ஆசிரியையின் வேலை மணி அடித்ததும் முடிந்துவிடாது. பிள்ளைகளின் சாப்பாடு, காய்ச்சல், சண்டை, அழுகை எல்லாம் அவரிடமே வந்தன. விடுமுறை நாட்களில் கிராமம் கிராமமாகப் போய், படித்து முடித்துக் குடும்பமாகிவிட்ட தன் பழைய மாணவிகளை அவர்களுடைய வீடுகளில் சந்திப்பது அவரது வழக்கம்.

மிஷனரிமார் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஓய்வுக்காகத் தாயகம் போய்வருவதுண்டு. எலிசா அக்னியூ ஒருபோதும் போகவில்லை. போகவில்லையா என்று கேட்டவர்களிடம் தனக்கு அதற்கு நேரமில்லை என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாகக் குறிப்புகள் கூறுகின்றன. அவர் உடுவிலில் இருந்த காலத்தில் அவரது சொந்த நாடு 1861 முதல் 1865 வரை உள்நாட்டுப் போரில் சிதைந்தது. அடிமை முறை ஒழிந்தது. அவர் பிறந்த நகரம் அடையாளம் தெரியாமல் வளர்ந்தது. தன் நாட்டில் நடந்த போரை அவர் தூரத்தில் இருந்தே கேட்டறிந்தார். புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்களுக்கு அந்த நிலை புரியும்.

வெளிப்பணத்தின் பலவீனம்

எலிசா அக்னியூ வருவதற்குச் சற்று முன்பு, 1837இல், அமெரிக்காவில் பெரும் பணநெருக்கடி வந்தது. அதன் அடி யாழ்ப்பாணத்தின் கிராமங்களில் விழுந்தது. பணம் குறைந்ததும் மிஷனின் நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப் பாடசாலைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள். எங்கோ ஒரு நாட்டின் வங்கிகள் சரிந்ததற்கு இங்கே திண்ணையில் மணலில் எழுதிக்கொண்டிருந்த பிள்ளை விலை கொடுத்தது.

அடுத்த அடி 1855இல் விழுந்தது. மிஷன் தலைமையகத்திலிருந்து ரூபஸ் அண்டர்சன் தலைமையில் வந்த குழு, ஆங்கிலக் கல்வி சமயப் பணிக்கு உதவவில்லை என்று கருதியது. 1823இல் தொடங்கிய புகழ்பெற்ற வட்டுக்கோட்டை செமினறி மூடப்பட்டது. இங்குள்ள மக்களிடம் கேட்டு எடுத்த முடிவு அல்ல அது. கடலுக்கு அப்பால் வகுக்கப்பட்ட கொள்கை ஒரு தலைமுறையின் படிப்பு வாசலை அடைத்தது. உடுவில் பாடசாலை தப்பியது. நாளடைவில் பெற்றோரே கட்டணம் செலுத்திப் பெண்பிள்ளைகளை அனுப்பும் நிலையும் வந்தது. சாப்பாடும் சீதனமும் கொடுத்துக் கூட்டிவந்த காலம் ஒருவரின் பணிக்காலத்துக்குள்ளேயே மாறிவிட்டது.

அந்த மாற்றத்தை அமெரிக்கப் பணம் மட்டும் கொண்டுவரவில்லை. படித்த பெண்ணின் வீடு எப்படி இருக்கிறது என்பதை அயலவர்கள் கண்ணால் கண்டார்கள். படித்த தாய் தன் மகளையும் படிக்கவைக்க விரும்பினாள். எலிசா அக்னியூ தன் முதல் மாணவிகளின் மகள்களுக்கும், பின்னர் சிலரின் பேத்திகளுக்கும் கற்பித்தார். அவரிடம் படித்த பெண்கள் ஆயிரத்துக்கும் மேல். ஆயிரம் பெண்பிள்ளைகளின் தாய் என்று அவர் அழைக்கப்பட்டதன் பின்னணி இதுதான்.

அந்த ஆயிரம் பேரில் பலர் ஆசிரியைகளானார்கள். எலிசா அக்னியூ கால்வைக்காத கிராமத்துக்கும் அவரது மாணவி ஒருத்தி போனாள். 1879இல் அவர் ஓய்வுபெற்று, சூசன் ஹவ்லண்ட் பொறுப்பேற்றபோது, பாடசாலை ஆட்டங்காணவில்லை. தாங்குவதற்கு உள்ளூர்க் கைகள் இருந்தன.

மறைக்கக்கூடாத மறுபக்கம்

இவரைத் தெய்வமாக்கி எழுதுவது எளிது. அது நேர்மையாகாது. அமெரிக்க மிஷன் பாடசாலைகளின் முதல் நோக்கம் மதமாற்றம். எலிசா அக்னியூவும் அதை மறைக்கவில்லை. அதற்காகவே அவர் வந்தார். அவரிடம் படித்தவர்களில் 600க்கும் மேற்பட்டோர் கிறிஸ்தவர்களானதை மிஷன் பதிவுகள் அவரது பெரிய வெற்றியாகக் குறிக்கின்றன. அந்தப் பதிவை ஒரு சைவக் குடும்பத்தின் பக்கத்திலிருந்து வாசித்தால், அது பிள்ளையை இழந்த கதையாகவும் இருக்கக்கூடும்.

பெயர்களும் மாறின. பணம் அனுப்பிய அமெரிக்கர்களின் பெயர்கள் மிஷன் விடுதிப் பிள்ளைகளுக்குச் சூட்டப்பட்டன. 1841இல் வெளிவந்த உதயதாரகை பத்திரிகையின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் இருவரும் தமிழர்கள் என்பது பெயரைப் பார்த்தால் தெரியாது. சாதி வேலியையும் மிஷன் விடுதிகள் முழுமையாக உடைத்துவிடவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு அந்தக் கதவுகள் மிக மெதுவாகவே திறந்தன.

இதற்கான எதிர்வினையும் கல்வியாகவே வந்தது. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். சைவப் பெண்பிள்ளைகளுக்கென சேர் பொன்னம்பலம் இராமநாதன் மருதனார்மடத்தில் கல்லூரி அமைத்தது 1913இல். அது உடுவிலுக்கு அண்மையிலேயே இருக்கிறது. அந்தச் சைவக் கல்லூரியை வளர்த்தவர்களில் முதன்மையானவர் இராமநாதனின் மனைவி லீலாவதி அம்மையார். அவரும் அவுஸ்திரேலியாவில் பிறந்து, இங்கு வந்து, இந்த மண்ணோடு ஒன்றானவர்தான். மதம் வேறு, வந்த பாதை வேறு. வந்தவர் தங்கினார் என்பதில் இரண்டு வாழ்க்கைகளும் ஒத்துப்போகின்றன.

அதே ஆண்டுகளில் மலையில்

எலிசா அக்னியூ உடுவிலில் கரும்பலகையின் முன் நின்ற அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து புறப்பட்ட குடும்பங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காடுவழியே மாத்தளையை நோக்கி நடந்துகொண்டிருந்தன. கோப்பித் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட மக்கள் அவர்கள். காய்ச்சலிலும் பசியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். பிழைத்தவர்கள் கண்டிச் சீமையிலும் பின்னர் ஊவாவின் மலைகளிலும் லயக் காம்பராக்களில் அடைந்தார்கள். தீவு ஒன்று, மொழி ஒன்று, காலமும் ஒன்று. ஆனால் வடக்கில் ஒரு பெண்பிள்ளை பூகோளம் படித்தபோது, மலையில் அவள் வயதொத்த பிள்ளை கொழுந்துக் கூடைக்கும் கோப்பிச் சாக்குக்கும் பழகிக்கொண்டிருந்தது.

தோட்டங்களில் கல்வி முயற்சி அறவே இல்லாமல் இருக்கவில்லை. 1854இல் தொடங்கிய ஒரு ஆங்கிலிக்கன் மிஷன் தோட்டத் தமிழரிடையே பணிசெய்து சில பாடசாலைகளை நடத்தியது. ஆனால் தோட்டத்துக்குள் எது நடக்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் துரை. படித்த பிள்ளை பிரட்டுக்களத்துக்கு வராது என்ற கணக்கு துரைமாருக்கு இருந்தது. தோட்ட நிர்வாகங்கள் 6 முதல் 10 வயது வரையிலான பிள்ளைகளுக்குக் கல்விக்கு ஏற்பாடு செய்யவேண்டும் என்று 1907இல் சட்டம் வந்தது. 1920இல் மீண்டும் சட்டம் வந்தது. நடைமுறையில் பல தோட்டங்களில் ஓர் அறை, ஓர் ஆசிரியர், அதே ஆசிரியருக்குத் தோட்டக் கந்தோரில் இன்னொரு வேலை என்பதே நிலை. 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டது. தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களின் பிற்பகுதியில்தான்.

அந்த 1970களின் இறுதியிலும் 1983இலும் வன்முறை மலையைத் தாக்கியது. பதுளை நகரம் எரிந்தது. உயிர்தப்பியவர்களில் பலர் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு என வடக்கே போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அங்கேயும் போர் அவர்களை விடவில்லை. இந்தக் குடியேற்றங்களில் காந்தீயம் அமைப்பின் தொண்டர்கள் முன்பள்ளிகளை நடத்தினார்கள். அந்த அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். கற்பிப்பதும் உதவுவதும் இந்த நாட்டில் உயிரைப் பணயம் வைக்கும் காரியமாக இருந்த காலம் அது.

எஞ்சியது என்ன?

ஓய்வுபெற்ற எலிசா அக்னியூ மானிப்பாயில், புதிதாக வந்திருந்த மேரி, மார்கரெட் லீச் சகோதரிகளுடன் தங்கினார். 1883 ஜூனில், 76ஆவது வயதில், அங்கேயே காலமானார். இறுதி நாட்களில் அவருக்காக மன்றாடவா என்று கேட்கப்பட்டபோது, யாழ்ப்பாணத்துப் பெண்களுக்காக மன்றாடும்படி அவர் கேட்டுக்கொண்டதாகச் சொல்லப்படுகிறது. 43 ஆண்டுகளுக்கு முன் பொஸ்டனில் விட்டுவந்த கரையை அவர் மீண்டும் பார்க்கவில்லை.

அவர் இருந்த வலிகாமத்தின் மக்கள் 1995 ஒக்டோபர் இறுதியில் ஒரே இரவில் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். போரில் கட்டடங்கள் விழுந்தன, புத்தகங்கள் எரிந்தன. ஆனால் பெண்பிள்ளையும் படிக்கவேண்டும் என்ற எண்ணம் இடம்பெயர்ந்த முகாமுக்கும் கூடவே போனது. மரத்தடியில் பாடம் நடத்திய தொண்டர் ஆசிரியர்களில் பெரும் பங்கினர் பெண்கள். 1824இல் கேலிக்குரியதாக இருந்த ஓர் எண்ணம், குண்டுவீச்சுக்கு நடுவிலும் கைவிட முடியாத ஒன்றாக மாறியிருந்தது. அதில் எலிசா அக்னியூவுக்கு ஒரு பங்கு உண்டு. அவரிடம் படித்துத் தம் மகள்களைப் படிக்கவைத்த தாய்மாருக்கு இன்னும் பெரிய பங்கு உண்டு.

லுணுகலையிலிருந்து பார்க்கும்போது இந்த வாழ்க்கை சொல்வது இதுதான்: வெளியிலிருந்து வரும் ஆசிரியரின் பணியை அவர் கற்பித்த பாடத்தைக் கொண்டு மட்டும் அளக்க முடியாது. அவர் போன பிறகு அந்த இடத்தில் நின்று கற்பிக்க அந்த ஊர்ப் பிள்ளை ஒன்று உருவாகியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மலையகத்தின் பிற்கால அனுபவமும் இதையே காட்டுகிறது. 1980களில் சுவீடனின் உதவியில் தோட்டப் பாடசாலைகளுக்குக் கட்டடங்கள் வந்தன. ஜேர்மனியின் உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி உருவானது. அந்தக் கல்லூரியில் பயின்று தன் தோட்டத்துக்கே ஆசிரியராகத் திரும்பிய பிள்ளை, இடமாற்றம் கேட்டுப் போக வேறு ஊரைத் தேடவில்லை. அவருக்கு அதுதான் ஊர்.

ஆனாலும் ஊவாவின் உட்தோட்டங்களில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகிய பாடங்களுக்கு ஆசிரியரைத் தேடும் நிலை இன்னும் தீரவில்லை. சில ஆயிரம் ரூபா கொடுப்பனவுக்கு ஆசிரியர் உதவியாளர்களாகப் பல ஆண்டுகள் உழைத்த மலையக இளைஞர் யுவதிகளின் வேதனையும், நிரந்தர நியமனத்துக்காக வீதியில் நின்ற வடகிழக்குத் தொண்டர் ஆசிரியர்களின் வேதனையும் ஒன்றுதான். உள்ளூரில் தங்கிக் கற்பிப்பவரை மதிக்காத ஒரு நாடு, வெளியிலிருந்து வருபவரை மாலை போட்டு வரவேற்பதில் அர்த்தமில்லை.

கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் விடுமுறைக்கு வந்து, ஒரு மாதமாவது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க விரும்பும் நம்மவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மனம் பெரியது. 43 ஆண்டுகள் தங்குங்கள் என்று அவர்களிடம் எவரும் கேட்கப் போவதில்லை. ஆனால் ஒவ்வொரு ஆண்டும் வேறு வேறு பாடசாலைகளுக்குப் போய்ப் படம் எடுத்துத் திரும்புவதைவிட, ஒரே பாடசாலைக்குத் திரும்பத் திரும்ப வரலாம். பிள்ளைகளுக்கு நேரடியாகப் பாடம் எடுப்பதோடு, அங்குள்ள இளம் ஆசிரியைக்குப் பக்கத்தில் அமர்ந்து அவரது ஆங்கிலத்தையோ கணிதத்தையோ வலுப்படுத்தலாம். உயர்தரம் சித்தியடைந்தும் பயணச் செலவுக்கு வழியில்லாமல் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போகவிருக்கும் தோட்டத்துப் பெண் ஒருத்தியை, கல்வியியற் கல்லூரி முடிக்கும் வரை தாங்கலாம். கைமாறாக மதத்தையோ பெயரையோ நன்றியையோ கேட்காமல் இதைச் செய்யலாம். எலிசா அக்னியூவின் காலத்தைவிட நாம் முன்னேறியிருக்கவேண்டிய இடம் அது.

அடுத்த முறை ஆசிரியரைத் தேடிப் பசறை வீதியைப் பார்த்திருக்கத் தேவையில்லாத ஒரு தோட்டப் பாடசாலை உருவானால், அங்கே கற்பித்துவிட்டுப் போனவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், அவர் வந்த காரியம் முடிந்தது என்று சொல்லலாம்.